சமமாய் நின்ற சிவப்புத் தண்ணீர்

காற்றைச் சோதிக்க வந்த வெர்லின் ஹ்ருஸ்கா முதல் நாள் ஆர்டிஸின் வீட்டு மணியை அடிக்கவே இல்லை. "குழந்தைகள் தூங்குகிறார்கள்" என்று கதவில் ஆர்டிஸ் ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தாள். ஜனவரிக் குளிர், கூடவே காற்று. அட்டையைப் படித்தவர் திரும்பிப் போய்த் தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். சத்தம் கேட்குமே என்று எஞ்சினையும் அணைத்துவிட்டார். ஐம்பது நிமிஷம் அப்படியே இருந்தார். எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் ஆர்டிஸுக்கு இது பிறகு தெரியவந்தது. அவர் மூக்கு சிவக்க உள்ளே வந்து, "இப்பத்தான் வந்தேன்" என்றார்.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி அவரைப் பற்றிச் சொல்லப்போவதில் அவருடைய கோபம்தான் அதிகம்.

ஆர்டிஸ் டியூனிசன் கணவனை இழந்தவள். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சர்ச் கோபுரத்தை விட்டால் தானியக் கிடங்குதான் உயரம் என்கிற சின்ன ஊர். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஆறு பேரைத் தன் வீட்டில் தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். விளையாட்டு, சாப்பாடு, மத்தியானத் தூக்கம் எல்லாம் அங்கேதான். அந்த மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிந்து வீட்டுக்குள் ஏறும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. வருஷக்கணக்கில் உட்கார்ந்து நுரையீரலைத் தின்னும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கணவனின் அண்ணன் கேய்லன், "வெளியாளுக்கு எதுக்குக் காசு? நான் போட்டுத் தர்றேன்" என்று வந்தார். தரையைத் துளைத்துக் குழாய் இறக்கினார். அதைக் கூரைவரை கொண்டுபோய், மண்ணிலிருக்கும் வாயுவை இழுத்து வெளியே தள்ளப் பரணில் ஒரு ஃபேன் மாட்டினார். சபையில் மூப்பர், நாற்பது வருஷம் தச்சுவேலை பார்த்த கை. அந்தக் குழாயோடு லாடம்போல் வளைந்த ஒரு பிளாஸ்டிக் குழலும் வந்தது. அதற்குள் சிவப்புத் தண்ணீர்.

"இந்தத் தண்ணி ரெண்டு பக்கமும் சமமா நிக்கணும் ஆர்டிஸ். சமமா இருந்தா கர்த்தருக்கு நன்றி சொல்லிட்டு வேலையைப் பாரு. கோணிக்கிச்சுன்னா எனக்கு போன் போடு."

தினமும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் ஆர்டிஸ் குழல் முன்னால் நின்று பார்ப்பாள். சமமாக இருக்கும். கண்ணை மூடி நன்றி சொல்வாள். ஒரே ஒரு தடவைதான் அது கோணலாக நின்றது. கூரை ரிப்பேர்க்காரர்கள் வந்துபோன மறுநாள் அது. கேய்லன் வந்து பரணுக்கு ஏறி ஏதோ செய்தார், மறுபடி சமமாகிவிட்டது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் தாய் நர்ஸ். "ரேடான் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தா காட்டுங்களேன்" என்று தன்மையாகத்தான் கேட்டாள். ரிப்போர்ட் என்று எதுவும் இல்லை. மாநிலம் வெளியிடும் உரிமம் பெற்றவர்கள் பட்டியலைப் பார்த்து ஆர்டிஸ் ஒருவரைக் கூப்பிட்டாள். அப்படி வந்தவர்தான் வெர்லின். முன்பு மாட்டுப் பண்ணைகளுக்கு கான்கிரீட் போட்டவர். குள்ளம், கட்டை விரலில் ஒன்று பாதிதான் இருக்கும். பக்கத்து மாவட்டத்தில் இருந்த செக் வம்சாவளிக் கத்தோலிக்கர். புரொட்டஸ்டன்ட் ஊர்க்காரர்களுக்கு அந்நியர்.

பேஸ்மென்ட்டில் இறங்கியவர் ரேடான் அளக்கும் இயந்திரத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. குழலையே பார்த்தார்.

"மிஸஸ் டியூனிசன், இது எத்தனை நாளா இப்படி நிக்குது?"

"மூணு வருஷமா," என்றாள் ஆர்டிஸ் பெருமையாக. "ஒரு நாள் தவறாம பாக்குறேன்."

அவர் காது மடல் சிவந்தது. "இது சமமா நின்னா ஃபேன் இழுக்கலைன்னு அர்த்தம்! செத்தவன் கையைப் புடிச்சு நாடி பாத்துட்டு, ஆள் ரொம்ப அமைதியா இருக்கார்னு சொன்ன மாதிரி இருக்கு. எவன் சொன்னான் உங்களுக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பரணுக்கு ஏறினார். சற்று நேரத்தில் மேலிருந்து அவர் குரல் கேட்டது. "இப்பப் பாருங்க!"

ஆர்டிஸ் பார்த்தாள். சிவப்புத் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி, மறு பக்கம் ஏறியது. அன்றைக்கு ஒரு நாள் பார்த்த அதே கோணல்.

"பரண் விளக்கு சுவிட்சுல ஃபேனைக் கோத்து வச்சிருக்கான்! விளக்கு எரிஞ்சாத்தான் ஃபேன் சுத்தும். மூணு வருஷமா மேல யாரு விளக்கைப் போட்டா?"

கூரைக்காரர்கள் போட்டார்கள். அணைக்க மறந்து போனார்கள். அந்த ஒரு நாள்தான் பிள்ளைகள் நல்ல காற்றை மூச்சில் இழுத்தார்கள். அன்றைக்குத்தான் அவள் கேய்லனைக் கூப்பிட்டு விளக்கை அணைக்க வைத்தாள். ஆர்டிஸுக்கு மாடிப்படியில் உட்காரவேண்டியிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது அழுகை இல்லை.

வெர்லின் பிள்ளைகளின் பாய்களைத் தானே மேலே கொண்டுபோய் வரவேற்பறையில் போட்டார். ஜன்னல், கதவெல்லாம் சாத்தி, பரண் விளக்கை அணைத்து ஃபேனை முன்பு இருந்தபடியே விட்டு, இரண்டு நாள் இயந்திரத்தை ஓடவிட்டார். இத்தனை நாளும் என்ன நடந்தது என்று முதலில் தெரியட்டும் என்றார். ரேடான் அளவு நாலு வந்தாலே சரிசெய்யவேண்டும் என்பது கணக்கு. அங்கே பத்தொன்பது வந்தது.

கேய்லன் வந்தார். சமையலறையிலேயே பிடித்துக்கொண்டது சண்டை.

"ஒரு சுவிட்சுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? விளக்கைப் போட்டே வச்சிரு ஆர்டிஸ். அணைக்காம இருக்க மேல டேப் ஒட்டிடறேன்."

"டேப்பா?" என்றார் வெர்லின். "நீங்க சர்ச்சுல மூப்பரா, சர்க்கஸ்ல கோமாளியா?"

"வாயை அடக்கிப் பேசுங்க. நான் ஒரு காசு வாங்கல. தம்பி பொண்டாட்டிக்கு உதவியா செஞ்சது."

"வாங்கியிருந்தா ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாங்க. சும்மா செஞ்சீங்க பாருங்க, அதான் ஒருத்தரும் வாயைத் திறக்கல. பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்திருக்குமே, படிச்சீங்களா?"

"மட்டம் பாக்க எனக்குத் தாள் எதுக்கு? வேலை முடிச்சப்ப கோணலா நின்னுது. மேல போய் எல்லாத்தையும் பாத்துட்டு, விளக்கை அணைச்சுட்டு எறங்கினேன். சரியா நின்னுது."

"இது என்ன ரசமட்டமா? ஜன்னல் சட்டமா மாட்டினீங்க?" வெர்லின் மேஜையில் ஓங்கி அடித்தார். காபிக் கோப்பை குதித்தது. "இன்னும் எத்தனை வீட்டுல இந்தக் கைவரிசை?"

கேய்லன் கோட்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வீடு?" இப்போது கேட்டது ஆர்டிஸ்.

"நாலு," என்றார் தரையைப் பார்த்து. "போதகர் வீடும் சேத்து."

போதகரின் இரண்டு பையன்களும் பேஸ்மென்ட்டில்தான் படுக்கிறார்கள் என்பது ஆர்டிஸுக்குத் தெரியும். கேய்லன் குரலைத் தாழ்த்தினார். "சபைல சொல்லி அசிங்கப்படுத்தாத. நானே வீடு வீடாப் போய் சத்தமில்லாம சரிபண்ணிடறேன்."

"எப்போ?"

"பரண்ல இப்ப குளிரு. வசந்தம் வரட்டும்."

ஆர்டிஸ் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் பால் கொட்டினால்கூட "பரவாயில்ல கண்ணு" என்பவள். கோபம் தேவனுக்குப் பிரியமில்லாதது என்று வளர்ந்தவள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் வரவேற்பறையில் ஒரு பிள்ளை விழித்து அழுதது.

"வசந்தமா? குளிருதுன்னா கோட்டு போட்டுக்கிட்டு ஏறுங்க! மூணு வருஷமா அந்தக் குழல் முன்னால நின்னு நன்றி சொன்னேன். பிள்ளைங்களுக்கு விஷம் குடுத்துட்டு, அதுக்கு தேவன்கிட்ட நன்றி சொல்ல வச்சிட்டீங்க என்னை! ஞாயித்துக்கிழமை நீங்க எழுந்து சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்வேன்."

அன்று மாலையே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒவ்வொரு பெற்றோரிடமும் சொன்னாள். ஒருவர் "உங்களை நம்பித்தானே விட்டோம்" என்று மகளைத் தூக்கிக்கொண்டு போனார், திரும்ப வரவில்லை. இன்னொரு குடும்பமும் நின்றுவிட்டது. நர்ஸ் மட்டும், "சரிபண்ற வரைக்கும் மேலயே வச்சுக்கோங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கத்துக்கு முன்னால், யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று போதகர் கேட்கும் நேரம். ஒருவர் மனைவியின் இடுப்பு ஆபரேஷனுக்காகக் கேட்டார். ஒருவர் பனியில் மாட்டிக்கொண்ட மகனுக்காகக் கேட்டார். மூப்பர்களின் வரிசையில் கேய்லன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் அவரையே பார்த்தாள். அவர் புரட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் எழுந்தாள்.

"எனக்கு ஜெபம் அப்புறம் போதும். கேய்லன் ரேடான் குழாய் போட்டுக் குடுத்த வீட்டுக்காரங்க முதல்ல வீட்டுக்குப் போய் அந்தச் சிவப்புத் தண்ணியைப் பாருங்க. சமமா இருந்தா நல்லதுன்னு சொன்னாங்களே, அது பொய். சமமா இருந்தா பிள்ளைங்களை பேஸ்மென்ட்டை விட்டு மேல கொண்டுவாங்க. எங்க வீட்டுல பத்தொன்பது. நாலு இருந்தாலே தப்பு."

பின்வரிசையில் ஒரு கிழவர், "சர்ச்சுல பேசுற பேச்சா இது" என்று முனகினார். போதகரின் மனைவி எழுந்து கோட்டுகூடப் போடாமல் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். யாரும் பாடவில்லை, யாரும் ஜெபிக்கவில்லை. சில நிமிஷத்தில் வாசலில் வந்து நின்றாள், தலையில் பனி.

"சமமா இருக்கு," என்றாள்.

ஆர்டிஸின் வீட்டையும் அந்த நாலு வீட்டையும் வெர்லின்தான் பிப்ரவரி முடிவதற்குள் சரிசெய்தார். ஒவ்வொரு வீட்டிலும் திட்டிக்கொண்டேதான் வேலை செய்தார். வயரைத் திட்டினார், குழாய்ப் பசையைத் திட்டினார், தாளைப் படிக்காத மனித குலத்தையே திட்டினார். போதகர் வீட்டிலும் அதே வாய்தான். கேய்லன் மூப்பர் பொறுப்பை விட்டார். ஆர்டிஸோடு இன்றுவரை பேச்சில்லை. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது பாதிப் பேர் அவள் மேஜைக்கு வருவதில்லை. பிள்ளைகள் மட்டும் மறுபடி ஆறு பேர் ஆனார்கள்.

அதற்குப் பிறகு அவள் வெர்லினைப் பார்க்கவில்லை. அவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டதால்தான் பார்க்கவில்லை. மூன்றாம் வருஷம் பேப்பரில் அவர் இறந்த செய்தியைப் படித்து, அந்தக் கோபக்கார ஆத்துமாவுக்காக ஜெபித்தாள்.

கடைசி நாள் ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "சரியா வேலை செய்யுதான்னு நீங்களே வந்து சோதிச்சுக் குடுங்க வெர்லின், உங்க மேலதான் எனக்கு நம்பிக்கை" என்று அவள் கேட்டிருந்தாள். அவர் கயிற்றை விட்டுவிட்டு அவளை முறைத்தார்.

"மறுபடியும் முதல்ல இருந்தா? நான் போட்ட ஃபேனை நானே சோதிக்கிறதா? உங்க பேரே தெரியாத ஒருத்தனைக் கூப்பிடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கூப்பிடுங்க. அவன் ஏதாவது தப்பு கண்டுபிடிச்சா, வெர்லின் நல்ல மனுஷன்னு எனக்காகப் பரிஞ்சு பேசாதீங்க ஆர்டிஸ். போன் போட்டு என்கிட்ட கத்துங்க. கேய்லன்கிட்ட கத்தினீங்களே, அதே மாதிரி கத்துங்க."