மிஞ்சிய உப்பைத் திருப்பிக் கொடுத்த கதை

என் பேரப்பிள்ளைகளே, செல்வி, குமரா... இந்த வாரம் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

போன சனிக்கிழமை பள்ளிக்கூடக் கூட்டத்தில், கூரை மாற்ற அரசாங்கம் கொடுத்த மானியத்தில் மிஞ்சியதைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்றேன். சபையே சிரித்தது. நீங்களும்தான்... பார்த்தேன். சிரியுங்கள். ஆனால் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய சாகசம் தெரியுமா?

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே சமையல். அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி மரவள்ளியும் விறகும் எங்கள் பங்கு. உப்பு அரசாங்கத்தின் பங்கு. மிஞ்சினால் திருப்ப வேண்டும். எழுதத் தெரிந்தவன் என்பதால் காகிதத்தில் என் கையெழுத்து.

பாதிப் பேரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். முப்பது காத்தி, அதாவது பதினெட்டு கிலோ உப்பு மிஞ்சியது. அப்போது ஜப்பான் நோட்டுக் கட்டைவிட உப்புக்குத்தான் மரியாதை. பயந்துபோய் உடனே ஜப்பான் ஆபீசுக்கு எழுதினேன். 'கொண்டு வா' என்று பதில் வர ஒரு மாதம். நல்ல மழை மாதம்.

மூட்டையை நிறுத்தால் இருபத்தாறு!

"நாலு காத்தி எங்கேக்கா?"

சமையல் பார்த்த முனியம்மா அக்கா தரையைக் காட்டினார். மூட்டைக்குக் கீழே ஒரு குளம். "அந்தா போவுது பாரு தம்பி. கூப்பிட்டா வருமா?"

குறைந்தால் திருட்டு. திருட்டுக்கு முதலில் கன்னத்தில் அறை. பிறகு எங்கே கொண்டுபோவார்கள் என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

அக்கா வீடு வீடாகப் போனார். கொட்டாங்கச்சியில், மருந்து பாட்டிலில், முந்தானை முடிச்சில் உப்பு வந்தது. போதும் போதும் என்றாலும் யார் கேட்டார்கள்? "மாட்டுனா நீ மட்டும் மாட்ட மாட்டே, எங்களையும் இழுத்துருவே" என்று கொட்டினார்கள். மறுபடி நிறுக்க நேரமில்லை. டயருக்குப் பதில் ரப்பர் குழாய் கட்டிய சைக்கிளில், ஆபீஸ் இருந்த சுங்கை பட்டாணிக்குப் பறந்தேன்.

கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி நிறுத்தார். முகம் சுளித்தார். "முப்பத்திரண்டு இருக்கே?"

"நீங்களே வெச்சுக்குங்க ஐயா."

"வெச்சுக்கிட்டா எனக்கு அறை விழும்லா. கூட வாங்குனதுக்குக் கணக்கு யாரு சொல்றது?"

சத்தம் கேட்டு ஜப்பான் அதிகாரி எழுந்து வந்தார். தராசைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், கையைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

ஒன்றும் விழவில்லை. கை மூட்டையைத்தான் காட்டியதாம், கூடுதலைத் திருப்பிக் கொடு என்று.

கிராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மிஞ்சுனதைத் திருப்பித் தரணும்னுதானே ஒப்பந்தம்? இப்ப உன் உப்பு எங்ககிட்ட மிஞ்சிருச்சு. ரெண்டு காத்தி எடுத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடு, போ."

அரசாங்கமே எனக்குக் கடன் தீர்த்த நாள் அது. சொன்னால் நம்புவீர்களா?

திரும்பி வரும் வழியில், பாக்கார் ஆராங் தாண்டி ஆளில்லாத ரோட்டில் சைக்கிளை நிறுத்தினேன். உப்பை முடிந்திருந்த துண்டைப் பிரித்து ஒரே ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். எந்த வீட்டு உப்போ. திறந்தால் இதுவும் ஓடிப்போய்விடும் என்று, வாயை இறுக மூடிக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தேன்.