நான்கு அடுப்பு எரிந்த வீட்டில்

சித்திரை வெயிலில், வளவு முற்றத்தின் கருங்கல்லில் அப்பச்சி, என் தகப்பனார், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நிழலுக்கு இழுத்தேன். "என்னத்துக்கு ஆத்தா பதறுற?" என்று கேட்டார். பாதத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

கணவர் இறந்த பின் சென்னையில் நர்ஸ் வேலைக்குப் படித்து, விடுப்பில் நேமத்தான்பட்டிக்கு வந்திருந்தேன். படித்த பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கணுக்காலில் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. கெண்டைக்காலைத் தொட்டால் வலி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயதானால் அப்படித்தான் என்றார்கள் அண்ணன்மார்.

காரைக்குடி டாக்டர் பெரிபெரி என்றார் (உணவில் உயிர்ச்சத்து குறைந்து நரம்பும் இதயமும் கெடும் நோய்). இதயம் பெருத்திருக்கிறது, தாமதித்தால் திடீரென்று நின்றுவிடலாம் என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று கேட்டார்.

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே எங்கள் மோட்டார் கார் நின்றது.

எங்கள் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவார்கள். அடுப்பும் அரிசியும் தனி. மூன்று அண்ணன்களுக்கு மூன்று அடுப்பு, பெற்றவர்களுக்கு ஒன்று. எங்களைப் பெற்ற ஆத்தா இறந்த பின்னும் அப்பச்சி தம் அடுப்பை விடவில்லை. பல் போய்விட்டதால், மில்லில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியைத் தாமே குழைய வேகவைத்து, வடித்து, உப்பும் நீர்மோரும் விட்டுச் சாப்பிட்டிருக்கிறார். மாதக்கணக்காக வேறு எதுவும் இல்லை.

பெரிய அண்ணி, இளையவர்கள் கொடுப்பதாக நினைத்திருந்தார். சின்ன அண்ணி, மூத்தவர்களை முந்தக் கூடாது என்றிருந்தார். நடு அண்ணி ஒருநாள் குழம்பு கொண்டுபோயிருக்கிறார். "'என் அடுப்பு அணைஞ்சிருச்சான்னு பாக்க வந்தியா'ன்னு கேட்டாக. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

கைக்குத்தல் அரிசி, பாசிப்பயறு, கீரை, தவிட்டைக் கொதிக்கவைத்து வடித்த நீர், முழு ஓய்வு: டாக்டர் சொன்னவை இவ்வளவுதான். அவர் அடுப்பிலேயே நான் சமைத்தேன். "மாட்டுக்கு வைக்கிறத எனக்கு வைக்கிறியே" என்று சொல்லிக்கொண்டே தவிட்டு நீரைக் குடித்தார். வீக்கம் வடிந்தது. ஆனால் நான் ஊருக்குப் போனதும் மறுபடி அந்த வெள்ளைக் குழைசாதம்தான் என்ற பயம் எனக்கு இருந்தது.

நடு அண்ணிதான் வழி கண்டார். ஒருநாள் காலையில் வெறுங்கையோடு வந்து, "மாமா, பிள்ளைக்கு வயிறு சரியில்ல. உங்க பயத்தங்கஞ்சி கொஞ்சம் குடுங்களேன்" என்றார். அப்பச்சி எழுந்து உட்கார்ந்து, தம் கிண்ணத்தில் நிறைய ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். வாங்கிய கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை. மாலையில் அது முருங்கைக்கீரைப் பொரியலோடு வந்தது.

அப்பச்சி கீரையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "பிள்ளைக்கு இப்ப வயிறு எப்படி?"

"நாளைக்கும் சரியில்லாமத்தான் இருக்கும் மாமா."

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மற்ற இரண்டு அடுப்புகளிலிருந்தும் கிண்ணங்கள் வந்தன.

முதியவர் உள்ள வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். மூட்டையில் அரிசி இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இராதீர்கள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் இலையைப் பாருங்கள்.

நான் கிளம்புவதற்கு முன் ஒரு மதியம், வளவைக் கடந்துகொண்டிருந்தவர் வலது காலை வெடுக்கென்று தூக்கினார். "சுடுது ஆத்தா" என்றார். இடது கால் இன்னும் மரத்தேதான் இருந்தது. நிழலுக்கு வந்து நின்றவர், வலது கால் பெருவிரலை மட்டும் நீட்டி, வெயில் கல்லை மறுபடி தொட்டுப் பார்த்தார்.