திரி கிள்ளிய கை

திரி கிள்ள எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாய்க்காலோரத் தெருவுக்கு மருமகளாக வந்த வருஷம், விரலைச் சுட்டுக்கொண்டு நானே பழகினேன். கிழிந்த வேட்டியில் திரித்த திரி, இலுப்பெண்ணெய். நுனியில் கரி சேர்ந்தால் விளக்கு அழுது வடியும். கரியை மட்டும் கிள்ளி எறிய வேண்டும். கூடக் கொஞ்சம் கிள்ளினால் விளக்கே போய்விடும்.

அந்த வருஷம் ஒரு சாயங்காலம்கூட என் வாசலில் விளக்கில்லாமல் இருந்ததில்லை. பக்தியெல்லாம் இல்லை. கூலி உயர்வு கேட்டு அறுப்புக்கு இறங்காமல் நின்றதற்காக, தெருவில் பாதி ஆண்களோடு என் வீட்டுக்காரரையும் ஜெயிலில் போட்டிருந்தார்கள். குடிசை மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த நேரம். எங்கள் மனை மிராசுதாருடையது. பகலில் நான் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போய்விடுவதால் கதவு சாத்தியே கிடக்கும். அதை வைத்து அவருடைய காரியக்காரர், ஆளில்லாத வீடு, பட்டா தரக் கூடாது என்று தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன நெஞ்சழுத்தம்!

கூத்தாநல்லூரிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டான். "பேசாம எங்கூட வந்துடு. மாப்பிள்ள வந்தப்பறம் பாத்துக்கலாம்."

"நான் போயிட்டா அவரு எந்த வீட்டுக்கு வருவாரு? நீ போயிட்டு வாண்ணே."

பொழுது சாயுமுன்பே ஏற்றிவிடுவேன். வீட்டில் ஆள் இருப்பதைப் போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்றுதான். என்னைப் பார்த்து மற்ற பெண்களும் வாசலில் விளக்கு வைக்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அந்திநேரத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். கூடவே காரியக்காரர். வாசலுக்கு வாசல் விளக்கும் ஆளும் இருந்ததைப் பார்த்ததும் காரியக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைக் காட்டிக் கத்தினார்.

"இவதான் சார், எல்லாப் பொம்பளையையும் தூண்டிவிடுறவ!"

நான் குனிந்து ஈர்க்குச்சியால் திரியைத் தள்ளிவிட்டேன். "ஆமாங்க. தெனமும் நான்தான் தூண்டிவிடுறேன். இல்லேன்னா அவிஞ்சுபோயிடுமே."

தெருவே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "வீட்டுக்காரர் பேரு சொல்லும்மா."

பயம்தான், மறைப்பானேன். ஆனாலும் சொன்னேன்.

"அவரு ஜெயில்ல இருக்காருங்க. இங்க குடியிருக்கிறது நான். என் பேர எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் என் பேரைக் கேட்டு எழுதினார்.

விடுதலையாகி வந்த வீட்டுக்காரர், என் பேரில் வந்திருந்த பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் பேருக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார்.

முடியாது என்றேன்.