சூடு ஆறும் சத்தம்

கோன்யா நகரத்தில் ஓர் இறைச்சி ரொட்டிக் கடைக்கு ஹம்தி பதினோரு வருடமாக மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். அடுப்பிலிருந்து இறக்கிய நீள ரொட்டி, மேலே கொத்திய ஆட்டுக்கறி. கொழுப்பு உறைவதற்குள் அது கதவைத் தொட வேண்டும் என்பது முதலாளியின் ஒரே சட்டம். அதனால் ஹம்தி வண்டியைத் தெருவில் நிறுத்துவதில்லை. நடைபாதையில் ஏற்றி, முன்சக்கரம் வாசல்படியில் முட்டும்வரை கொண்டுபோவான். குடியிருப்புக்காரர்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே சூடான ரொட்டியை வாங்கிக்கொள்வார்கள்.

நாற்பத்து மூன்று வயது. அதிகம் பேசாதவன். அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவனை வளர்த்தது அக்கா ஸெலிஹா. அவள் கல்யாணமாகி அதியமான் நகரத்துக்குப் போனாள், அங்கேயே விதவையானாள், ஒரு தையல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தாள்.

பிப்ரவரி மாதம் கிழக்கே அதியமான் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்த விடியற்காலையில் கோன்யாவில் விளக்குதான் ஆடியது. ஹம்தி அக்காவுக்குப் போன் செய்தான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அன்று முழுவதும் அடித்தது. இருட்டும்போது மணி அடிப்பதும் நின்றுவிட்டது. பேருந்துகள் இல்லை. கார் எடுத்துக்கொண்டு போனவர்கள் மலைச்சாலையில் வரிசையில் நிற்பதாகச் செய்தி வந்தது. பனிக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டவும் தடை போட்டிருந்தார்கள். மறுநாள் விடிவதற்குள் ஹம்தி வண்டியை வெளியே தள்ளினான்.

அவன் மனைவியின் அண்ணன் நெஜாத்தி வாசலில் நின்றான். குடல் சூப் கடையில் சமையல்காரன், பருத்த ஆள்.

"தனியா போகப் போறியா?"

"வண்டி ரெண்டு பேரைத் தாங்கணும்ல."

"என்னையவா சொல்ற? நான் பின்னாடி உக்காந்தா வண்டி பறக்காம இருக்கும். நகரு மச்சான்."

சட்டைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டார்கள். காலுக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டார்கள். எரெய்லி சமவெளியில் எதிர்க்காற்று கண்ணில் நீர் வரவழைத்து அதை அங்கேயே உறைய வைத்தது. மலைக்கணவாயில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மண்தோண்டும் இயந்திரங்களை ஏற்றிய லாரிகளும் அதே வரிசையில் அசையாமல் நின்றன. இருவரும் ஓரமாகப் புகுந்து போனார்கள். ஒரு வளைவில் பனிக்கட்டி சக்கரத்தை வாரிவிட்டது. வண்டி படுத்தபடி சறுக்கிப் போய் ஒரு லாரியின் டயரில் முட்டி நின்றது. கால் வைக்கும் கம்பி வளைந்தது. நெஜாத்தியின் கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது.

"இந்தக் கையாலதான் மச்சான் சூப்புக்குப் பூண்டு நசுக்குறேன்," என்றான் அவன். "ஊருல எல்லாரும் ஒரு மாசம் பூண்டில்லாம குடிக்கட்டும்."

அதானா ஊரைத் தாண்டும் இடத்தில் ஈரல் சுடும் கடைக்காரர் ஒருவர் கரியடுப்பைச் சாலையோரத்துக்கே கொண்டுவந்திருந்தார். கிழக்கே போகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, கம்பியிலிருந்து ஈரலை உருவி ரொட்டியில் சுருட்டி, வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூவிக் கையில் திணித்தார். நெஜாத்தி காசு எடுக்கப் பையைத் தொட்டபோது அவர் கரண்டியால் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "போங்க. நின்னு பேச நேரமில்ல," என்றார். ஓட்டிக்கொண்டே தின்றார்கள். காரத்தில் நெஜாத்திக்கு மூக்கு ஒழுகியது. கோன்யாக்காரனைக் கொல்ல நிலநடுக்கம் தேவையில்லை, அதானா மிளகாய் போதும் என்று அவன் கத்தினான். அந்தப் பயணத்தில் அவன் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான்.

நூர்தா அருகே சாலை நீளவாக்கில் பிளந்திருந்தது. கார்கள் திரும்பிக்கொண்டிருந்தன. பிளவின் மேல் யாரோ கதவுப் பலகைகளைப் போட்டிருந்தார்கள். வண்டியை அதன்மேல் தள்ளிக்கொண்டு கடந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு கட்டடம் பாதியாக அறுபட்டு நின்றது. நான்காம் மாடியின் சமையலறை அப்படியே இருந்தது. அடுப்பின் மேல் இரட்டைத் தேநீர்க் கெண்டிகூட இருந்தது. எதிரே ஒரு சிறு லாரி வந்தது. பின்னால் கம்பளங்கள் சுருட்டி அடுக்கப்பட்டிருந்தன. கிட்டே வந்த பிறகுதான் கம்பளங்களின் நுனியில் பாதங்கள் தெரிந்தன. நெஜாத்தி ஹம்தியின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அன்றிரவை ஒரு பெட்ரோல் பங்கின் தரையில் கழித்தார்கள். காலையில் கோல்பாஷியில் டயர் பஞ்சரானது. ஹம்தி அதைச் சரிசெய்யும்போது கூடாரத்திலிருந்து ஒரு பெண் வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலில் பருப்பு சூப் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் யாரை இழந்தாள் என்று இவர்கள் கேட்கவில்லை. அவளும் இவர்களைக் கேட்கவில்லை.

அதியமானில் தெருக்களே இல்லை. ஹம்தி ஒரு மருந்துக்கடைப் பலகையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தான். ஐந்து மாடிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. பதினோரு வருடப் பழக்கம் அவனுக்குத் தெரியாமலே வேலை செய்தது. வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு, சாய்ந்து கிடந்த கான்கிரீட் பலகையின் மேலேயே வண்டியை ஏற்றி நிறுத்தினான்.

அதே நேரம் மேலே நின்ற ஒருவர் முஷ்டியை உயர்த்தினார். "இஞ்சினை நிறுத்து. எல்லாரும் அமைதி."

ஹம்தி சாவியைத் திருப்பினான். தெரு முழுவதும் அசையாமல் நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என் குரல் யாருக்காவது கேக்குதா?" அவர் கான்கிரீட்டின் இடுக்கில் கத்தினார். "கேட்டா எதையாவது தட்டுங்க."

அவர் சாட்டில்மிஷ். கருங்கடல் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த குழுவின் மேஸ்திரி. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கம்பியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். நீண்ட நேரம் அப்படியே இருந்தார். பிறகு அவர் கை மெதுவாக உயர்ந்தது.

"தட்டுறாங்க. ரெண்டு... ஒண்ணு. வாசப் பக்கம்."

ஹம்தி மண்டியிட்டு விழுந்தான். அக்காவின் மாடிப்படி அந்தப் பக்கம்தான். நெஜாத்தி அவன் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதான். ஒரே ஒரு பெண் மட்டும் மேஸ்திரியின் கையைப் பிடித்தாள். நாதிரே என்ற பள்ளி ஆசிரியை. பின்கட்டடத்தில் அவள் கணவர் வெஹ்பி சிக்கியிருந்தார்.

"அவர் காலையில இருமினாரு. நான் கேட்டேன்."

"நாங்க ரெண்டு தடவை காது வெச்சோம் தங்கச்சி. எங்களுக்குக் கேக்கல. இங்க கேக்குது. இருக்குறது ஒரே குழு."

"அப்ப இதை முடிச்சிட்டு?"

"முடிச்சதும் அங்கதான்."

அவள் போர்வையை மூடிக்கொண்டு தன் கட்டடத்தின் அருகே போய் உட்கார்ந்தாள்.

சுரங்கத் தொழிலாளர்கள் மரத்துண்டுகளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே குடைந்து போனார்கள். ஹம்தி வாளியில் மண்ணை வாங்கி வாங்கிக் கொட்டினான். நகங்கள் கிழிந்ததை அவன் உணரவில்லை. நண்பகல் தொழுகைக்குப் பிறகு மறுபடி அமைதி கேட்டார்கள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

"களைச்சுப் போயிருப்பாங்க," என்றார் சாட்டில்மிஷ். "சில பேரு கொஞ்ச நேரம் தட்டுவாங்க, அப்புறம் தூங்கிடுவாங்க. தோண்டுங்கடா."

ஜெனரேட்டருக்கு எண்ணெய் தீர்ந்தது. நெஜாத்தி வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைவரை போய் வாங்கி வந்தான். முன்பு நின்ற அதே இடத்தில் வண்டியை நிறுத்தினான். யாரோ ஹம்தியின் கையில் ஒரு கிளாஸ் தேநீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அவன் வண்டிக்குப் பக்கத்தில், அந்தக் கான்கிரீட் பலகையில் உட்கார்ந்தான்.

டிக். டிக். இடைவெளி. டிக்.

கொதிக்கும் புகைக்குழாய் குளிரில் சுருங்கும்போது போடும் சத்தம். குளிர்காலம் முழுவதும், ஒவ்வொரு வாசலிலும் அவன் கேட்டுக் கேட்டு மறந்துபோன சத்தம். பலகையில் ஊன்றியிருந்த உள்ளங்கைக்குள் அது தெரிந்தது. வண்டியின் பக்கவாட்டுத் தாங்கி அந்த இரும்புக் கம்பியின் அடிப்பகுதியில் ஊன்றி நின்றது.

ஹம்தி தேநீரைக் குடிக்கவில்லை. கிளாஸைப் பிடித்தபடியே இருந்தான். நெஜாத்தி அவன் முகத்தைப் பார்த்தான், பிறகு வண்டியைப் பார்த்தான், அவனுக்கும் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து குந்தினான்.

"வாயைத் திறக்காத மச்சான்."

ஹம்தி அந்தக் கம்பியைப் பார்த்தான்.

"அக்கா உள்ளதான இருக்காங்க? சத்தம் பொய்னா ஆளு இல்லன்னு ஆயிடுமா? இன்னும் ரெண்டு மீட்டர். இப்ப இவங்க போனா திரும்ப வருவாங்கன்னு யாரு சொன்னது?"

அதில் பொய் எதுவும் இல்லை. ஸெலிஹா உயிரோடு, தட்ட முடியாமல், இரண்டு மீட்டர் உள்ளே கிடக்கலாம். காய்ச்சல் வந்த இரவுகளில் அவன் நெற்றியில் ஈரத்துணி போட்ட கை அந்த இருட்டில் இருக்கலாம். ஹம்தி பின்கட்டடத்தைப் பார்த்தான். நாதிரே குனிந்து ஓர் இடுக்கில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாடம் நடத்துகிறவளைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பதிலுக்காகக் காதை வைத்தாள். மறுபடி சொன்னாள்.

கிளாஸில் ஆவி நின்றது. மேலே மெல்லிய ஆடை படிந்தது. அவன் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"மேஸ்திரி," என்றான். "நீங்க கேட்டது என் வண்டி."

சாட்டில்மிஷ் அவனை முறைத்தார். விளக்கம் கேட்கவில்லை. வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றச் சொன்னார். அணைக்கச் சொன்னார். எல்லோரையும் அமைதியாக்கிவிட்டுக் கம்பியில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கரியும் சுண்ணாம்புமாக இருந்தது.

"இதேதான்," என்றார். பிறகு, "பசங்களா, சாமானை எடுங்க. பின்கட்டடம்."

போகும்போது ஹம்தியின் தோளில் கை வைத்தார். அந்த நாட்டில் பிரிகிறவர்களும் சாகிறவர்களும் கேட்கும் மன்னிப்பை அவர் கேட்டார். "எங்க மேல உனக்கு ஒரு உரிமை இருக்கு. விட்டுட்டுப் போறோம். ஹலால் பண்ணிடு."

"ஹலால்," என்றான் ஹம்தி.

நெஜாத்தி அவனிடம் பேசவில்லை. இருவரும் அந்தக் குழிக்குள் மாற்றி மாற்றி இறங்கி, கையாலும் உடைந்த ஓட்டாலும் சுரண்டினார்கள். பொழுது சாயும்வரை ஒரு முழம்கூட நகரவில்லை.

மறுநாள் விடியும்போது பின்கட்டடத்தில் வெஹ்பியை எடுத்தார்கள். உடலில் ஒரு கீறல் இல்லை. தூசியும் குளிரும்தான் கொன்றன. உடல் விறைக்கவே இல்லை, போய்க் கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்றார் மருத்துவர். ஸெலிஹாவை அதற்கு அடுத்த நாள் இயந்திரம் வந்துதான் எடுத்தது. படுக்கையிலேயே, கூரைக்கு அடியில், முதல் அதிர்விலேயே போயிருந்தாள்.

இரண்டு பேருக்கும் ஊருக்கு வெளியே ஒரே வரிசையில் குழி வெட்டினார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். நாதிரே அங்கிருந்து நடந்து ஹம்தியிடம் வந்தாள்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மேஸ்திரிகிட்ட நீங்க சொன்னீங்கல்ல. அதுக்கு எவ்வளவு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சது?"

நெஜாத்தி குறுக்கே வந்தான். "தெரிஞ்ச உடனே சொல்லிட்டாருக்கா. அந்த நிமிஷமே."

"இல்ல," என்றான் ஹம்தி. "கையில டீ இருந்துச்சு. அது ஆறுற வரைக்கும் சொல்லல."

அவள் குழியைப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலையிலேருந்து அவங்க உங்க பக்கம் தோண்டினாங்களே, அதுக்கு ஹலால். அது நீங்க அறியாம நடந்தது," என்றாள். "அந்த டீ ஆறுற நேரத்துக்கு மட்டும் என்னால சொல்ல முடியல. சொன்னா பொய்யாயிடும்."

"சரிக்கா."

அவள் பெண்களிடம் திரும்பிப் போனாள். நெஜாத்தி ஹம்தியின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லலன்னா அந்தப் பொம்பளைக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. இப்பவாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல. உனக்கு அக்காவும் போச்சு, இதுவும் போச்சு."

"அவங்க சொன்னது சரிதான்," என்றான் ஹம்தி.

இமாம் ஓதி முடித்தார். வெஹ்பிக்கு மண் போட ஆட்கள் குறைவு. அவருடைய உறவுகளில் பாதிப் பேர் வேறு குழிகளின் ஓரம் நின்றார்கள். அங்கே மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. போட்டவர் தரையில் வைப்பார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். நாதிரேயின் தம்பி போட்டு முடித்துக் கீழே வைத்த மண்வெட்டி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. ஹம்தி போய் அதை எடுத்தான். நாதிரே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைத் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. குழி நிரம்பும்வரை அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.