கூரைத் தண்ணீர் விழுகிற இடம்

ஊரே அவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிட்டது. பழைய மாதா கோவிலின் சாவி எந்நேரமும் அவள் இடுப்பில் தொங்கும். கோவிலுக்கு எதிரிலேயே அவளுடைய இஸ்திரிக் கடை. பீடத்து விரிப்பும் சாமியார் அங்கியும் அவள் கை பட்டால் சுருக்கம் என்ற பேச்சே கிடையாது. ஊர்ச் சட்டைகளுக்கு அந்த அக்கறை கிடைக்காது. கேட்டால், "நீ என்ன பூசையா வைக்கப் போற?" என்பாள்.

பங்குச் சாமியார் காலமான பிறகு புதிதாக யாரும் வரவில்லை. ஒரு நடுப்பகலில் டவுன் சாமியார் வந்து, பீடத்தின் மேல் உள்ள இரும்புப் பேழையிலிருந்து நற்கருணையை, ஆண்டவரின் உடலாக வணங்கும் அப்பத்தை, எடுத்துக்கொண்டார். அன்று காலை அவள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைத் துணியை உள்ளே விரித்தார். காலிப் பேழையைத் திறந்து வைப்பதுதான் முறை. அவரோ பழக்க தோஷத்தில் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனி உள்ள யாரும் இல்லக்கா. பேழை முன்னால எரியுற சிவப்பு விளக்கை அணைச்சிடுங்க. மழைக்காலம் முடிஞ்சதும் வருவேன். ஜனங்க வந்து போனா கோவில் இருக்கும். இல்லேன்னா ஒரு குடோன்காரர் வாங்கத் தயாரா இருக்காரு. சுவரைச் சுத்தி வாய்க்கால் வெட்டணுமாம்."

வாய்க்கால் என்றதும் அவள் திரும்பி வடக்குப் பக்கம் பார்த்தாள். வடக்குச் சுவரோரம், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், அவள் பிள்ளை கிடந்தது. பிறந்தபோதே மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அன்றைய சாமியார் கையை விரித்துவிட்டார். அவள் புருஷன் யாரிடமும் சொல்லாமல் அங்கே குழி தோண்டினான். "சாமியார் தண்ணி ஊத்தலேன்னா என்ன? கோவில் கூரையில விழுற மழை ஊத்தும்" என்றான். பின்னால் அவனும் இறந்துபோனான். இப்போது அந்த இடம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

விளக்கை அணைத்தாள். சாயங்காலம் வாசல் வரை வந்த சைக்கிள் கடைக்காரர், உள்ளே இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்த் திரியைக் கொளுத்தினாள். விளக்கு எரிந்தால் ஆண்டவர் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். ஊருக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

ஜனங்கள் வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் செத்துப்போன மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். ஓடிப்போன மகன் போன் பண்ணிவிட்டான் என்று ஒருத்தி முழந்தாளிலேயே பீடம் வரை போனாள். தூணுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்ற சாவியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலிப் பெட்டியின் முன்னால் ஊரையே மண்டியிட வைத்திருக்கிறோமே என்ற பாவம் அவளைத் தின்றது.

அதைவிட மோசம், பிற்பகலில் தனியாகப் பெருக்கும்போது பேழைக்குள் கேட்ட சத்தம். தூக்கத்தில் பிள்ளை புரண்டு படுப்பது மாதிரி, துணி உரசும் சத்தம். எலி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இரும்புப் பெட்டிக்குள் எலி எந்த வழியாகப் போகும் என்று அதே மனசு கேட்டது. சத்தமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டே பெருக்கினாள். பயம் போகவில்லை. ஆனாலும் ஒருநாள்கூடப் போகாமல் இருக்க முடியவில்லை.

கடைசி மழை பெய்துகொண்டிருந்த மாலையில் டவுன் சாமியார் வந்தார். பெஞ்சுகளில் ஆட்கள். விளக்கு எரிந்தது. அவளைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டார்.

"இவங்க எல்லாம் யாருகிட்டக்கா பேசிக்கிட்டு இருக்காங்க?"

"அணைச்சிருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க சாமி. பாவம் என்னோடது. கோவிலை மட்டும் விட்டுடுங்க."

அவர் கதவிடுக்கு வழியாகப் பெஞ்சுகளைப் பார்த்தார். "விளக்கு பொய். வந்த ஜனம் பொய்யில்லையே" என்றார். "விக்க வேண்டாம்னு சொல்லிடுறேன். நற்கருணையைத் திரும்பக் கொண்டுவந்து வைப்போம்."

 அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறு ஞாயிறு, ஜனங்கள் வருமுன் அவர் பேழையைத் திறந்தார். கதவைப் பிடித்தபடி நின்றவர் முகம் சுளித்தார்.

"என்னக்கா, இந்தத் துணியை நீங்க தேய்க்கலையா?"

அவள் எட்டிப் பார்த்தாள். ஓரங்கள் நான்கும் அவள் தேய்த்தபடியே விறைப்பாக இருந்தன. நடுவில் மட்டும் துணி கசங்கி, ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில், சின்னதாய் ஒரு பள்ளம். ஒரு பக்கம் தலை அளவுக்கு வட்டமாக இருந்தது.

"தேச்சுத்தான் குடுத்தேன் சாமி" என்றாள். 

"சரி, சீக்கிரம் ஒரு இழுப்பு இழுத்துட்டு வாங்க. மணி அடிக்கணும்."

துணியை மடிக்காமல் இரண்டு கைகளிலும் ஏந்தி எதிரே கடைக்குக் கொண்டுபோனாள். இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. துணியை மேஜையில் கிடத்தினாள். பெட்டியைத் தூக்கினாள், கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து வேறொரு வெள்ளைத் துணியை எடுத்துத் தேய்த்தாள்.

சாமியார் அதை வாங்கி விரித்து, நற்கருணையை வைத்துக் கதவைச் சாத்தினார். ஜனங்கள் முழந்தாளிட்டார்கள். சாவியக்கா மட்டும் வெளியே, வடக்குச் சுவரோரம், ஈர மண்ணில் அந்தத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.