கணேசன் அண்ணன் லோரியில் போனவர்

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். சாமி, பேய், முனி எதையும் நான் நம்பியவனில்லை. டத்தோ கிராமாட்டில் வீடு, பட்டர்வொர்த்தில் வேலை, பழைய லோரிகளை வாங்கிக் கப்பலேற்றுவோம், அவ்வளவுதான்.

அந்த லோரி தாசேக் கெலுகோர் கணேசன் அண்ணனுடையது, இருபது வருஷம் எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை சுமந்தது. வாங்கியது உகாண்டாவில் ஒரு செம்பனைத் தோட்டம். கடலே இல்லாத நாடு அது. பக்கத்து நாட்டில் கப்பலைவிட்டு இறங்கி, நாள்கணக்கில் சாலையில் ஓடி, கடைசியாக ஏரியில் ஃபெரி ஏறினால்தான் தோட்டம் இருக்கும் தீவு வரும். அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வண்டியில் காவலுக்கு முனியாண்டி இருக்கிறார், எலுமிச்சை வெட்டி, சூடம் காட்டி, இறங்கச் சொல்லிவிட்டு அனுப்பு என்று போனில் கெஞ்சினார். எனக்குக் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. "செஞ்சாச்சுலா அண்ணே, கவலப்படாதீங்க" என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, சாயங்கால வெயிலில், வேலை முடிந்து ரோட்டில் நிற்கும்போது வீடியோ கால். லோரியைத் தீவுக்கு ஓட்டிப்போகும் டிரைவர் ஜோசப், பேப்பரில் என் நம்பரைப் பார்த்து, ஏரிக்கரை ஃபெரித் துறையிலிருந்து. எல்லை தாண்டியதிலிருந்து பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் வருகிறாராம், வாயைத் திறக்கவே இல்லையாம், தண்ணீரைக் கண்டதும் சாவியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாராம். இரண்டு ஃபெரி போய்விட்டது, இதையும் விட்டால் வேலை போய்விடும் என்று ஆங்கிலத்தில் அழுதான். போனைத் திருப்பிக் காட்டினான். இருக்கையில் யாருமில்லை, ஆனால் பஞ்சு நன்றாக அமுங்கியிருந்தது.

போனை அணைக்காமல் ஓடினேன். பக்கத்துக் கடையில் சூடம் வாங்கிக் கொளுத்தி, போனுக்கு முன்னால் பிடித்தேன், சுற்றி நின்றவர்கள் பார்த்ததுகூடத் தெரியவில்லை.

"தப்பு என்னோடதுதான் சாமி. எறங்கிடுங்க. அந்த ஆளு பொழப்பக் கெடுத்துறாதீங்க."

நம்பினால் நம்புங்கள், பஞ்சு மெல்ல மேலே எழும்பியது. கதவு திறந்து மூடியது. எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது, ஜோசப் ஃபெரி ஏறிவிட்டான்.

அண்ணன் குணமாகி வந்து, சாமி ஒழுங்காக இறங்கினாரா என்று கேட்டார். இறங்கிவிட்டார் என்றேன். இந்தத் தடவை அது பொய்யில்லை. இறங்கச் சொன்னேனே தவிர, எங்கே இறங்கச் சொல்கிறேன் என்று நான் யோசிக்கவில்லை.

ஜோசப் இப்போதும் ஃபெரி ஏற வரும்போதெல்லாம் கூப்பிடுகிறான். கரையில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு லோரியிடமும் அந்தப் பெரியவர் வந்து ஏதோ கேட்கிறாராம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவன், கேட்டதை அப்படியே சொல்லிக் காட்டினான்.

"தம்பி, வீட்டுக்குப் போற லோரி எது?"

என்ன அர்த்தம் என்று கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன்.