நஞ்சைக்காரர் தர்மன்

ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே அந்த ஊரில் போய்த் தர்மன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. நஞ்சைக்காரர் வீடு என்று கேட்க வேண்டும். உண்மையில் அவருக்கு நஞ்சையும் கிடையாது, புஞ்சையும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு பழைய பவர் டில்லர்.

தா.பழூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் எட்டு வருஷம் அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தவர் அவர். பண்ணைக்காரர் டிராக்டர் வாங்கியதும் டில்லரைத் தர்மனிடமே கொடுத்துவிட்டார். ஆனால் அதன் பின்னால் பூட்டும் ரோட்டரி, அதாவது கத்திகள் சுழன்று மண்ணைக் கிளறும் பாகம், துருவேறி ஒடிந்து கிடந்தது. அது இல்லாவிட்டால் வண்டி வெறும் சத்தம்தான். வாடகைக்கு உழுது பிழைக்கலாம் என்று எண்பத்தொன்றில் ஊர் திரும்பிய தர்மன், ஆடி பிறக்கும் முன்பே ரோட்டரி வாங்கத் திருச்சிக்கு பஸ் ஏறினார்.

கடையில் கிருஷ்ணமூர்த்தி என்ற விற்பனையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தர்மனுக்குக் கூச்சமாகிவிட்டது. அதுவரை எந்தக் கடையிலும் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"உங்க நெலம் நஞ்சையா, புஞ்சையாங்க?"

நிலமே இல்லை என்று சொன்னால் நாற்காலி போய்விடுமோ என்று பயந்தார். "நஞ்சைதாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு கால்மேல் கால் போடவும் பார்த்தார்.

நஞ்சைக்கு உரியதைத்தான் கிருஷ்ணமூர்த்தி எடுத்துக் கொடுத்தார். அகலமானது, கத்திகள் நெருக்கமாக உள்ளது, சேற்றைக் கூழாக்குவது. கத்திகள் குறைந்த இன்னொன்றும் ஓரமாகக் கிடந்தது. தர்மன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கத்தி கூடினால் உழவும் கூடும் என்பது அவர் நினைப்பு.

ஊரில் அவரை முதலில் கூப்பிட்டது கொளஞ்சியம்மாள். கணவரை இழந்தவர். ஒரு ஏக்கர் செம்மண் புஞ்சை, இரண்டு மூட்டை விதைக்கடலை, அவ்வளவுதான் ஆஸ்தி. தர்மன் முதலில் பாதி நிலத்தை உழுதார். மண் சலித்த மாவாக விழுந்தது. வேடிக்கை பார்க்க ஊரே கூடியது.

"இப்புடி ஒரு ஒழவ நா பாத்ததேயில்லடா தர்மா!" என்று கொளஞ்சியம்மாள் மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்தார்.

ஒரு மூட்டை விதையை ஊன்றி முடித்த மறுநாள் நல்ல மழை. அப்புறம் சுள்ளென்று வெயில். மாவாக இருந்த மேல்மண் ஓடாக இறுகிவிட்டது. பத்து நாளாகியும் ஒன்றுமே தலைகாட்டவில்லை. கொளஞ்சியம்மாள் விரலால் பெயர்த்துப் பார்த்தார். மேலே வர வழியில்லாமல் முளைகள் அடியிலேயே மடங்கிக் கிடந்தன.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தர்மனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னும் ஒரு மூட்டதான் இருக்கு. அதுவும் போச்சின்னா நா கூலிக்குத்தான் போவணும்."

அந்த வார்த்தை தர்மனைப் பிடுங்கித் தின்றது. கடையில் நஞ்சையா, புஞ்சையா என்று கேட்டது எதற்கு என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் அந்த நிலத்து மண்ணில் ஒரு பிடியைத் துண்டில் முடிந்துகொண்டு, ரோட்டரியை பஸ் மேலே ஏற்றித் திருச்சிக்குப் போனார். இந்தத் தடவை அவர் உட்காரவில்லை.

"எனக்கு நெலமே கெடையாதுங்க. அன்னிக்கிப் பொய் சொல்லிட்டேன். ஒழவேண்டியது இந்த மண்ணு" என்று முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

கிருஷ்ணமூர்த்தி மண்ணை நுணுக்கிப் பார்த்தார். "இதுக்குக் கத்தி கொறைச்சலாத்தான் இருக்கணுங்க. கொஞ்சம் கட்டி கெடந்தாத்தான் மழைக்கு இறுகாது. மாத்திக்கலாம், மொதல்ல உக்காருங்க."

காவிரிப் பக்கத்து ஆள் ஒருவர் அகலமானதைக் கேட்டுவிட்டுப் போயிருந்ததால் மாற்றுவது சிரமமாக இல்லை.

மீதி நிலம் கட்டியும் முட்டியுமாக உழப்பட்டது. ஊர் சிரித்தது. தர்மன் கடையில் சொன்ன பொய்யைக் கொளஞ்சியம்மாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டுவிட்டு அவர் கடைசி மூட்டையை அவிழ்த்தார். விதை ஊன்றிய மூன்றாம் நாள் மழை பெய்தது. பிறகு அதே வெயில். தர்மன் அந்த வாரம் நிலத்துப் பக்கமே போகவில்லை.

எட்டாம் நாள் காலையில் தெருவே கேட்கும்படி வாசலில் குரல் கேட்டது. அதுவரை அவரை வாடா போடா என்றே அழைத்த கொளஞ்சியம்மாள்தான்.

"நஞ்சைக்காரரே! வூட்டுல இருக்கீங்களா? நம்ம நெலம் மொளச்சிருக்கு, வந்து பாருங்க!"